தவமணியின் உச்சிவேளை

சித்திரை பிறந்து ஒரு சொட்டு மழைகூட விழாத வருஷமாகப் பார்த்து, கத்திரி வெயில் பிறந்த மறுநாள், தாழிமலையின் மேற்குச் சரிவில் தணல்பூ பூக்கும். பூத்தால் முதல் மழை வரைக்கும் உதிராது. மழை என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு ஒரு நாழிகைக்குள் அத்தனையும் கொட்டிவிடும். இது மூங்கிலணைப்பட்டியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பூவை நேரில் பார்த்தவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கும் என்பதும் தெரியும். பார்க்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் நிழலைப் பூவின்மேல் விழவிட்டு, பிறகுதான் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதும், அதனால் ஒன்று காலையில் போகவேண்டும் அல்லது சாயங்காலம் போகவேண்டும், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும் உச்சிவேளையில் ஒருக்காலும் பார்க்கக்கூடாது என்பதும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தெரிந்தபடியெல்லாம் நடந்துகொண்ட ஊர் ஒன்றாவது உலகத்தில் உண்டா?

தவமணிக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஜீப் ஓட்டுகிற குபேந்திரனைக் கட்டி ஒன்பது வருஷமாகியிருந்தது. ஒரு பிள்ளையை மூன்றாம் மாதத்திலும் இன்னொன்றை ஐந்தாம் மாதத்திலும் பறிகொடுத்தவள். மூன்றாவது பிள்ளைக்கு அந்தக் கத்திரியில் ஐந்தாம் மாதம் பிறந்திருந்தது. தும்மினால் பயம், இருமினால் பயம், குடத்தைத் தூக்கினால் பயம், தூக்காமல் சும்மா உட்கார்ந்தாலும் பயம் என்று, நிறைந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவள்போல அவள் ஐந்து மாதமாக நடந்துகொண்டிருந்தாள். அந்த வருஷம் பார்த்துத் தணல்பூ பூத்துவிட்டது என்று மலையிலிருந்து சேதி வந்ததும், போகாமல் இருப்பதற்கும் அவளுக்குப் பயமாகிவிட்டது.

ஐந்து பேர் கிளம்பினார்கள். தவமணி, நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற இன்பவல்லி டீச்சர், தையல்காரர் ஜோதிமுத்து, வெற்றிலைக்கடை சுருளியம்மாள், சுருளியம்மாளோடு சண்டை போடாமல் ஒருநாளும் சோறு தின்னாத அவளுடைய நாத்தனார் ராசம்மா. ஏலக்காய் எஸ்டேட் கேட் வரைக்கும் குபேந்திரன் ஜீப்பில் கொண்டுபோய் விட்டான். அதற்குமேல் இரண்டு மணி நேர நடை. வழிகாட்ட வீராயி வந்தாள். மலையில் தேனும் கடுக்காயும் சேர்த்து வாரச்சந்தைக்குக் கொண்டுவந்து விற்கிறவள், வாய் திறந்தால் நாலு வார்த்தைக்குமேல் பேசாதவள். எட்டரை மணிக்கே பாறைகள் காய்ந்து தோசைக்கல்லாகிவிட்டன. காட்டில் ஒரு குருவி கத்தவில்லை. சுருளியம்மாளும் ராசம்மாவும்கூடச் சண்டையை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார்கள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் வீராயி மிதித்த இடத்திலேயே பார்த்து மிதித்து, தவமணி ஏறினாள்.

கடைசிப் பாறைக்கு வந்ததும் வீராயி நின்றாள். "இதத் தாண்டினாப் பூவுதான். நெழலு இன்னும் ஒரு மொழத்துக்கு மேல கெடக்கு. வெரசா வாங்க."

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி பத்தரை. வெள்ளிக்கிழமையாச்சே. ராகுகாலம் ஆரம்பிச்சிருச்சு."

எல்லோரும் தவமணியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள்தான் சொன்னாள், பின்னால் எத்தனையோ நாள் அந்தச் சொல்லை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள் என்றாலும், சொன்னது அவள்தான். "ராகுகாலத்துல பாக்க வேணாம் டீச்சர். ரெண்டு போயிருச்சு. இதாவது நிக்கணும்."

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அப்படிச் சொன்னால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். "இங்க ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. வெயிலு மட்டுந்தான் இருக்கு. எந்திரிங்க" என்று வீராயி இரண்டு தரம் சொன்னாள். அவர்கள் சிரித்துக்கொண்டே புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பிறந்ததிலிருந்து நல்ல நேரம் பார்த்தே வாசல்படி தாண்டிப் பழகிய ஜனங்கள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் கழிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பத்து நிமிஷம் சேர்த்து உட்கார்ந்துவிட்டு எழுந்தார்கள்.

வீராயி எழுந்திருக்கவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "நான் வரல. நீங்களும் போகாதீக. மூணு மணிக்குப் போவோம்."

மூன்று மணிக்கு ஜீப் எஸ்டேட் கேட்டில் நிற்கும். ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஜோதிமுத்து சொன்னார். பாறையைச் சுற்றிக்கொண்டு ஐந்து பேரும் போனார்கள்.

சரிவு முழுக்கப் பூ. முழங்கால் உயரச் செடி, இலை கிடையாது, காம்புக்கு ஒன்றாக, அடுப்பிலிருந்து எடுத்து ஊதின கரித்துண்டின் நிறத்தில், கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் பூ. ஒரு வண்டு இல்லை, ஒரு ஈ இல்லை. காற்று அடித்தது, ஆனால் ஒரு பூவும் ஆடவில்லை. எல்லாம் நிமிர்ந்து நேர்மேலே பார்த்துக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது என்று சுருளியம்மாள் பிற்பாடு சொல்லுவாள். தவமணிக்கு அழகாகத் தெரியவில்லை. அவள் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள், நிழல் இல்லை, அடுத்தவர்கள் காலடியைப் பார்த்தாள், அங்கேயும் இல்லை; அப்போதுதான் நல்ல நேரம் பார்த்து எந்த நேரத்துக்கு வந்து நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

மூன்று மணிக்கு ஜீப்பில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கி, கணவாய்க்குள் ஜீப் நுழைந்தபோதுதான் குபேந்திரன் கேட்டான்: "உள்ள லைட்ட யாரு போட்டது?" கேட்ட பிறகுதான், அந்த ஜீப்பில் உள்லைட் எரிந்து நாலு வருஷமாகிறது என்பது அவனுக்கே ஞாபகம் வந்தது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். ஐந்து பேர் தலைக்குமேலும், தார்ப்பாய்க் கூரைக்கு அடியில், பளீரென்று உச்சிவெயில் நின்றது. ஆளுக்கு இரண்டு முழ அகலம். வட்டத்துக்கு வெளியே பொழுது சாய்ந்திருந்தது, உள்ளே மணி பன்னிரண்டு பத்தாகவே இருந்தது. குபேந்திரன் முன்விளக்குப் போடாமலே மலையிறங்கினான். போடவேண்டிய அவசியம் வரவில்லை.

ஊருக்குள் ஜீப் வந்து நின்றபோது டீக்கடைக்காரர் வெளியே வந்து ஐந்து பேரையும் பார்த்தார். "நல்லதாப் போச்சு. கரண்டு போயி அரை மணி நேரமாச்சு. யாராச்சும் ஒருத்தர் கொஞ்சம் உள்ள வந்து நில்லுங்க" என்றார். ராசம்மா போய் நின்றாள். அவ்வளவுதான், ஊர் அந்த வெயிலைச் சேர்த்துக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் மூங்கிலணைப்பட்டியை யாரும் குறை சொல்லிவிடக்கூடாது. கெட்ட ஜனங்கள் இல்லை. வந்த விருந்தாளியைத் திண்டாடவிடாமல் ஒரு வேலையில் சேர்த்துக்கொள்ளுகிற ஜனங்கள், அவ்வளவுதான். முதல் வாரம் கோயிலில் பொங்கல் வைத்தார்கள், இரண்டாம் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் வாரம் தவமணி வாசலில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டுக்காரி ஒரு முறத்தில் கூழ்வடகம் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்து, "பொழுது எறங்கிருச்சு, வடகம் இன்னும் ஈரமாவே கெடக்கு, கொஞ்சம் அப்படியே இருத்தா" என்றாள். மறுநாள் மிளகாய் வந்தது, அதற்கு மறுநாள் கொப்பரை, அப்பளம், சுண்டைக்காய் வத்தல், நனைந்த பள்ளிக்கூடச் சட்டை, பரண் ஈரத்தில் பூஞ்சை பிடித்த கல்யாண ஆல்பம். ஜோதிமுத்து விளக்குக்குச் செலவில்லாமல் ராப்பகலாகத் தைத்தார். சுருளியம்மாளும் ராசம்மாவும் ஊட்டிக் குளிருக்காவது அடங்குமா என்று அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். போன இடத்தில் அவர்களை முன்னறையில் உட்காரவைத்துச் சுற்றிலும் கம்பளியைக் காயப்போட்டதாகத் தகவல் வந்தது. வைத்தியம் கேட்கலாம் என்று தவமணி டாக்டரிடம் போனால், டாக்டர் நாடி பார்த்து, காய்ச்சல் இல்லை, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, "அப்படியே ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று அடுத்த நோயாளியை அவள் வட்டத்துக்குள் இழுத்து வாயைத் திறக்கச்சொல்லித் தொண்டையைப் பார்த்தார்.

அந்த வெயிலைக் கூரை தடுக்கவில்லை, குடை தடுக்கவில்லை, ஏழு மடிப்புப் போர்வை தடுக்கவில்லை. வட்டத்துக்குள் கையை நீட்டினால் யார் கைக்கும் நிழல் விழவில்லை. குபேந்திரன் அவள் முகத்துக்குமேல் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். கைக்கு ஊடாகவும் வெயில் அவள் முகத்தில் இறங்கியது. கண்ணை மூடினால் இமைக்குள்ளே ஒரே சிவப்பு. உறக்கம் என்று பேருக்குக் கொஞ்சம் மயங்குவாள், தொண்டை வறண்டு விழிப்பாள். இருட்டு எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மேலே இருக்கிற தோலே இப்படிக் காய்கிறதே, உள்ளே இருப்பது என்ன ஆகும்?

வைகாசி கடைசியில் ஒருநாள், கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது, தன் இரண்டு பாதத்துக்கும் நடுவில் ஒரு கறுப்பைக் கண்டாள். எண்ணெய் சிந்தியிருக்கும் என்று காலால் தேய்த்தாள். போகவில்லை. இரண்டடி நகர்ந்தாள், அதுவும் நகர்ந்தது. நிழல். மேடிட்ட வயிற்றுக்கு நேர்கீழே, ஒரு தோசை அகலத்துக்கு, சில்லென்று நிழல். அவள் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அவள் கல்லாக நின்றாள். கீழே நிழல் மட்டும் ஓர் ஓரத்தில் துள்ளி அடங்கியது.

அது தன்னுடைய நிழல் இல்லை, பிள்ளையுடையது என்று தவமணிக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. பூவைப் பார்த்த கண் அவளுடையது, உள்ளே இருந்தது எதையும் பார்க்கவில்லை. அவள் சட்டென்று சேலையைத் தாழ்த்தி நிழலை மூடினாள். ஊருக்குத் தெரிந்தால் இதிலும் எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள், தயிர் உறை ஊற்றுவார்கள், வெற்றிலைக்கட்டு வைப்பார்கள். அன்றிலிருந்து அவள் உட்காரும்போது காலை உள்ளுக்கு இழுத்து அந்த நிழலுக்குள் வைத்துக்கொள்ளப் பழகினாள். உச்சந்தலையில் கொதித்தாலும் உள்ளங்கால் குளிர்ந்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அதற்குள் வைத்து எடுத்துக் குடித்தால் மண்பானைத் தண்ணீராக இருந்தது. குபேந்திரனிடம் மட்டும் சொன்னாள்.

ஆனி பிறந்த வாரத்தில் இன்பவல்லி டீச்சர் போய்விட்டாள். நாலாம் வகுப்பில் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், மணி அடித்துப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் இல்லை. நாற்காலியில் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது, கண்ணாடி இருந்தது, வட்டமாக வெயில் இருந்தது. டீச்சர் இல்லை. கொஞ்ச நாளாகவே அவள் மெலிந்துகொண்டு வந்ததையும், நடக்கும்போது சருகுச் சத்தம் கேட்டதையும் எல்லோரும் அப்போது நினைத்துப் பார்த்தார்கள். ஊரே மூன்று நாள் அழுதது. நாலாவது நாள், ஆள் போனாலும் வெயில் போகவில்லை என்பதால், நாற்காலியைப் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு நகர்த்தினார்கள், வெயிலும் அதோடு நகர்ந்தது, அடுத்த நாள் யாரோ அதில் ஒரு படி எள்ளைப் பரப்பினார்கள். 'டீச்சர் வெயிலு நல்ல காட்டமான வெயிலு' என்று பேர் வந்துவிட்டது. ஜோதிமுத்து தையல் மிஷினை மூடிப்போட்டுவிட்டுக் கண்மாய்க்குள் கழுத்தளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி மீன் கூடியது. வலைக்காரர்கள் அவருக்கு மூன்று வேளையும் சோறு கொண்டுபோனார்கள்.

ஏழாம் மாதம் தவமணிக்கு வளைகாப்பு நடந்தது. மண்டபத்தில் ஒரு பல்பு போடவில்லை. போட்டோக்காரன் "இந்த மாதிரி லைட்டு மெட்ராஸ்லகூடக் கெடைக்காது" என்று சந்தோஷப்பட்டான். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சந்தனம் பூசினார்கள், பூசின கையை எடுப்பதற்குள் சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. வளையல் போட்ட பெண்ணொருத்தி அவள் காதருகே குனிந்து, அன்பாகத்தான், மிக மிக அன்பாகத்தான் கேட்டாள்: "பேறுகாலத்துக்கு எந்த ஆஸ்பத்திரித்தா? சொன்னா நெல்லு அவிச்சுக் கொண்டாந்துருவோம்." தவமணி சிரித்தாள். தான் நாற்காலியில் சேலையாகக் கிடப்பதும், சுற்றி ஊர் நெல்லைப் பரப்புவதும், அந்தச் சேலை மடிப்புக்குள் பிள்ளை கிடப்பதும் அவளுக்குக் கண்ணில் தெரிந்தது.

அந்த வாரச்சந்தையில் வீராயி வந்தாள். தேன் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் முன்னால் தவமணி போய் நின்றதும், கண் கூசி, நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்களுக்கு ஒரு வழி சொல்லு வீராயி. அன்னிக்கி நீ சொன்னதக் கேக்கல. தப்பு எம்மேலதான்."

"பூவு இன்னும் நிக்கிது தாயி. மழை விழுகுற மட்டும் நிக்கும். குடுக்காம விட்ட நெழலப் போயிக் குடுத்தா வெயில எடுத்துக்கிரும்."

"எங்கிட்ட ஏது நெழலு?"

வீராயி தவமணியின் காலடியைப் பார்த்தாள். சேலை விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை கறுப்பு வெளியே தெரிந்தது. தவமணி காலை நகர்த்தி மறைத்தாள்.

"அது என்னோடது இல்ல. புள்ளையோடது."

"ஆமா."

"அதக் குடுத்தா புள்ளைக்கு என்னாகும்?"

"தெரியல தாயி. தெரியாததச் சொல்ல எனக்கு வாய் வராது" என்றாள் வீராயி. அவள் கையில் இருந்த தேன் பாட்டில் அந்த வெயிலில் பொன்னாக மின்னியது, அதைப் பார்த்து இரண்டு பேர் விலை கேட்டு வந்துவிட்டார்கள்.

குபேந்திரன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டி நாளுக்கு நாள் எடை குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன். வயிறு ஏறியது, தராசு முள் இறங்கியது. ஒருநாள் அவள் நடந்து வரும்போது சருகுச் சத்தம் அவனுக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் அவன் உடைந்துபோனான்.

"நீ போயிட்டா வயித்துல இருக்குறது மட்டும் எங்க இருக்கும்? யோசிச்சுப் பாரு தவமணி. நெழலு இல்லாட்டிப் போகுது. நெழல வச்சு என்ன சோறா ஆக்கப்போறோம்? புள்ளைய நான் தூக்கிட்டுத் திரியுறேன், எந்நெழல்ல வச்சுக்கிறேன்."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆடி இரண்டாம் தேதி மேற்கே மேகம் கறுத்தது. இன்றைக்கோ நாளைக்கோ மழை விழும், விழுந்தால் பூ கொட்டிவிடும், அப்புறம் எத்தனை வருஷமோ. மத்தியானம் அவள் ஜீப்பில் ஏறினாள். முக்கில் நாலு பேர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்கள். "எங்கத்தா கெளம்பிட்ட? சாயங்காலம் திரும்பிருவேல்ல? பெரியவீட்டுல சடங்கு இருக்கு. மொளகா வேற எட்டு மூட்டை காயாமக் கெடக்கு" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிப்புக்கு நடுவில் ஒருவர் கை ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. குபேந்திரன் ஆக்சிலேட்டரை அமுக்கினான்.

எஸ்டேட் கேட்டிலிருந்து அவளை டோலி கட்டித்தான் கொண்டுபோனார்கள், முன்னால் வீராயி, பின்னால் குபேந்திரன். நாலரை மணிக்குக் கடைசிப் பாறையைத் தாண்டினார்கள். மேக இடுக்கில் சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது, வீராயியின் நிழலும் குபேந்திரனின் நிழலும் பனைமரமாக நீண்டிருந்தன. சரிவில் பூ அத்தனையும் சாயங்கால வெயிலைப் பார்த்துத் தலையைத் திருப்பியிருந்தன. தவமணி டோலியிலிருந்து இறங்கித் தரையில் காலை வைத்தாள். உடனே, கோடிப் பூவும், ஒரே நேரத்தில், சூரியனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பின.

ஓடிவிடலாம்போல இருந்தது. வீராயி முகத்தை மூடிக்கொண்டாள். குபேந்திரனும் கண்ணை இறுக்கிக்கொண்டு, "போ புள்ள, நான் இருக்கேன்" என்றான். அவள் போனாள். முதல் வரிசையில் நின்ற ஒரு பூவுக்குமேல் காலை அகட்டி நின்று, சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். பிள்ளையின் நிழல் பூவின்மேல் விழுந்தது.

பூ குடித்தது. வேறெப்படிச் சொல்வது? கன்றுக்குட்டி மடியில் முட்டிக் குடிக்கிறதுபோல் அது நிழலை இழுத்துக் குடித்தது. குடிக்கக் குடிக்க அவள் தலைக்குமேல் நின்ற வெயில் மங்கியது. இரண்டரை மாதத்துக்கப்புறம் முதல் தடவையாகச் சாயங்காலக் காற்று அவள் பிடரியில் பட்டது, வியர்வை குளிர்ந்தது, உதடு ஈரமானது, கண்ணோரத்தில் தூக்கம் வந்து உட்கார்ந்தது, ஐயோ, எவ்வளவு சுகமாக இருந்தது. குபேந்திரன் மூடின இமைக்கு மேலேயே அதை உணர்ந்து கத்தினான்: "போகுது தவமணி! வெயிலு போகுது! நில்லு, அப்படியே நில்லு!"

அவள் நின்றாள். ஆனால் வயிறு நின்றுபோயிருந்தது. காலையிலிருந்து உருண்டுகொண்டும் உதைத்துக்கொண்டும் இருந்த பிள்ளை அசையவில்லை. அவள் எண்ணினாள், ஒன்று, இரண்டு, பத்து, இருபது. அசையவில்லை. முன்னே இரண்டு தடவை அவள் அறிந்த அமைதி அது. கீழே நிழலின் ஓரம் ஒரு பக்கம் கரைந்து பூவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வேணாம்!" என்று அலறிக்கொண்டு அவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள்.

விழுந்தவள்மேல் உச்சிவெயில் பழையபடி மொத்தமாக இறங்கியது, முன்னைவிடக் காட்டமாக இறங்கியது. குபேந்திரன் ஓடிவந்து கண்ணைத் திறக்காமலே தடவி அவளைத் தூக்கினான். "இன்னும் கொஞ்சந்தானடி! இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா..." என்று அழுதான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "அது என்னோடது இல்லீங்க. அது என்னோடது இல்லீங்க." அப்போது முதல் துளி விழுந்தது. அடுத்த துளிக்கு முன்னால் சரிவில் அத்தனை பூவும் காம்பைவிட்டுக் கொட்டின. மலை வெறும் குச்சிகளாக நின்றது. அவ்வளவுதான், இனிமேல் கொடுப்பதற்கும் வழியில்லை.

மழைக்குள் ஜீப் இறங்கியது. அவள் மடியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை, ஜீப்பின் தகரத் தரையில் தன் பாதங்களுக்கு நடுவே கிடந்த நிழலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். அது சின்னதாகியிருந்தது. ஒரு ஓரம் எலி கடித்ததுபோல் இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவு, இரண்டு வளைவு, ஆறு வளைவு, அது அசையவில்லை. சாமிகள் பேரெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சாமியே இல்லாத பேர்களையும் சொல்லத் தொடங்கினாள். ஒன்பதாவது வளைவில், தகரத்தின்மேல், நிழல் மெல்லத் துள்ளியது. தவமணி வாய்விட்டுக் கத்தினாள். குபேந்திரன் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஊருக்குள் நுழையும்போது மழைக்கு ஆடிக்கொண்டிருந்த ஜனங்கள், "வந்துட்டாக, வந்துட்டாக" என்று ஈர மிளகாய் மூட்டைகளோடு எதிரே ஓடிவந்தார்கள்.

புரட்டாசியில், ஒரு பகல் வேளையில், பிள்ளை பிறந்தது. பெண். நர்ஸ் அதைத் துடைத்து எடுக்கும்போது தவமணி தன் காலடியைப் பார்த்தாள். வயிறு வற்றிவிட்டிருந்தது, அதோடு நிழலும் போய்விட்டிருந்தது, கட்டில் முழுக்க ஒரே வெள்ளை வெயில். டீச்சருக்கு இல்லாதது தனக்கு இருந்ததால்தான் இத்தனை நாள் காயாமல் இருந்தோம், இனி தன்னைக் காக்க எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பயப்படக்கூடத் தெம்பு இல்லாமல் படுத்திருந்தாள். வெளியே வராந்தாவில் முறங்களின் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டன; அவித்த நெல்லின் வாசம் கதவிடுக்கில் வந்தது. குபேந்திரன் எழுந்துபோய்க் கதவை நடுவில் மறித்து நின்றுகொண்டு, அவன் ஆயுளில் அந்த ஊரைப் பார்த்து முதல் தடவையாக, "இன்னிக்கி வெயிலு இல்ல. போங்க எல்லாரும்" என்றான்.

நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டாள். பிள்ளையின் நிழல் தாயின்மேல் விழுந்தது. தவமணி அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்: தலை இருந்தது, தோள் இருந்தது, வலது கையில் ஐந்து விரல் இருந்தது, இடது கையில் நாலுதான் இருந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் சுகமாக, சிவப்பாக, மடங்கியிருந்தது. அதற்கு மட்டும் நிழல் இல்லை. "அவ்வளவுதான் போச்சு, அவ்வளவுதான் போச்சு தங்கம்" என்று அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை பாலுக்குத் தவித்து மேலே மேலே ஊர்ந்து, தலையைக் கொண்டுவந்து அவள் முகத்தின்மேல் மோதிக் கிடந்தது. அதன் தலைக்கு அடியில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, அவள் இரண்டு கண்ணுக்கும் மட்டும் போதுமான அளவுக்கு, இருட்டு இருந்தது. தவமணி அதற்குள் கண்ணை மூடினாள். இமைக்குள் சிவப்பு இல்லை. நர்ஸ் ஏதோ கேட்டாள், அவள் தூங்கிப்போயிருந்தாள்.